பந்து ஏன் தரைக்குள் விழுந்தது?

"எப்பப் பார்த்தாலும் கேம்தான், என்ன பண்றதுன்னே தெரியல" என்று புலம்பாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. என்னிடம் வந்தால் ஒன்றுதான் கேட்பேன்: பிள்ளை விளையாடுகிறதா, விளையாட்டைச் செய்கிறதா? இரண்டுக்கும் அதே திரை, அதே கூன் முதுகு, கூப்பிட்டால் அதே "இதோ வர்றேன்". தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

என் மகளுக்குப் பத்து வயது. ஸ்கிராட்சில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. கட்டளைகளை வண்ணக் கட்டைகள் மாதிரி ஒன்றோடொன்று பொருத்தி நிரல் எழுதலாம், காசு கிடையாது. அவள் செய்தது சாதாரண விளையாட்டுதான். மிளகளவு ஒரு பந்து மேலே எம்ப வேண்டும், கீழே வந்து தரையில் நிற்க வேண்டும். கொஞ்ச உயரம் என்றால் ஒழுங்காக நின்றது. உச்சியிலிருந்து விட்டால் தரையைத் துளைத்துக்கொண்டு காணாமல் போனது.

இரண்டு நாள் மாலை இதோடு போராடினாள். எனக்குக் காரணம் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன் (இந்த ஆண்டு நான் செய்த பெரிய சாதனை இதுதான்). கடைசியில் பந்தின் வேகத்தை ஓர் எண்ணாகத் திரை ஓரத்தில் காட்ட வைத்தாள் (நிரலில் இப்படி மாறிக்கொண்டே இருக்கும் எண்ணை வைக்கிற பெட்டிக்கு வேரியபிள் என்று பெயர்). விழ விழ அந்த எண் மைனஸ் 3, மைனஸ் 9, மைனஸ் 20 என்று ஓடியது. மைனஸ் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஸ்கிராட்சில் விளையாட்டு ஓடுகிற மேடையின் நடுப்புள்ளி பூஜ்யம். இடது ஓரம் மைனஸ் 240, கீழ் ஓரம் மைனஸ் 180. பல மாதங்களாக அங்கேயே புழங்குகிறவளுக்கு மைனஸ் என்பது ஒரு திசை, அவ்வளவுதான்.

திடீரென்று கத்தினாள்: "அப்பா, அது தரையைத் தொடவே இல்ல! தாண்டிப் போயிடுது!" அதேதான். கணினியில் பந்து வழுக்கிக்கொண்டு விழுவதில்லை, நொடிக்குச் சுமார் முப்பது முறை இடம் மாறி மாறி விழுகிறது. ஒவ்வொரு முறையும் 20 புள்ளி இறங்கினால், இப்போது தரையாக வரைந்த மெல்லிய கோட்டுக்கு மேலே, அடுத்த கணம் கோட்டுக்குக் கீழே. நடுவில் கோட்டைத் தொட்டால்தானே "தொட்டால் நில்" என்ற கட்டளைக்கு வேலை? தரையைத் தடிமனாக வரைந்தாள். பந்து நின்றது. வேகம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சரி, விளையாடுவதில் மட்டும் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. தோற்றால் வெட்கப்படாமல் மறுபடி ஆரம்பிக்கிற பழக்கத்தை விளையாட்டுதான் தருகிறது. பரீட்சை அதைத் தராது. கட்டம் கட்டமாக உலகம் கட்டுகிற மைன்கிராஃப்ட் விளையாட்டில் ரெட்ஸ்டோன் (மின்கம்பி மாதிரி சிக்னல் கடத்துகிற பொருள்) வைத்துத் தானாகத் திறக்கும் கதவு கட்டுகிற பிள்ளை, சிக்னல் 15 கட்டங்களுக்கு மேல் போகாது என்பதைத் தானே கண்டுபிடித்து நடுவில் அதற்கு மறுபடி பலம் கொடுக்கிற ரிப்பீட்டர் வைக்கிறது. அங்கே விளையாடுவதும் செய்வதும் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் எல்லா விளையாட்டும் மைன்கிராஃப்ட் இல்லை. விளையாட்டு "சமூகத் திறன்" வளர்க்கும் என்பார்கள்; முன்பின் தெரியாதவர்களோடு அரட்டை அடிக்கிற வசதியை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். எங்கள் வீட்டில் அதை அணைத்து வைத்திருக்கிறோம்.

பந்தைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. செய்து முடித்ததை அவளுடைய பாட்டியிடம் கொடுத்தாள். ஒரே நிபந்தனை போட்டேன்: பாட்டி விளையாடும்போது நீ பேசக்கூடாது. பாட்டி திரையைப் பார்த்தார். பந்தையே பார்த்தார். ஒரு நிமிடம் போனது. இவள் நாற்காலி விளிம்பில் நெளிகிறாள். தாங்க முடியாமல், "ஸ்பேஸ் பாரை அழுத்தணும் பாட்டி!" என்றாள். பாட்டி நிதானமாக, "அதை எங்கடி எழுதியிருக்கே?" என்றார்.

எங்கேயும் எழுதவில்லை. அன்று ராத்திரியே முதல் பக்கத்தில் ஒரு வரி ஏறியது, கூடவே அம்புக்குறி. தனக்குத் தெரிந்தது எதிராளிக்கும் தெரியும் என்று நினைத்துவிடுகிற வியாதி நம் அலுவலகங்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது. அவளுக்கு அது பத்து வயதில் ஒருமுறை குத்திவிட்டது.

இன்னொன்றும் நடந்தது, இது கொஞ்சம் நெருடல். அடுத்த விளையாட்டுக்குத் திட்டம் போடும்போது சொன்னாள்: "தினமும் வந்தா பத்து காயின் தரலாம்ப்பா. ஒரு நாள் வரலைன்னா எல்லாம் போயிடும். அப்பதான் விட மாட்டாங்க." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உன்னை யாராவது அப்படிப் பண்றாங்களா?" என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டே எழுந்து போனாள்.

போன வாரம் அவள் போனில் விளையாடுகிற ஏதோ ஒன்றில் பெரிய சிவப்பு எழுத்தில் சலுகை வந்தது. 24 மணி நேரத்தில் முடிகிறதாம், பக்கத்தில் நொடிகள் ஓடுகின்றன. முன்பெல்லாம் இதற்கு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுப்பாள். இந்த முறை திரையை என் பக்கம் திருப்பி, "இது வெறும் வேரியபிள்ப்பா. பூஜ்யம் ஆனதும் மறுபடி 24ன்னு வச்சிருப்பாங்க, பாரேன்" என்றாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். 3, 2, 1. அப்புறம் 24:00:00.