நாடகத்தால்தான் மார்க் போச்சா?

என்ன நடந்தது என்று இங்கே பலருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடகத்தில் நடிக்க இருந்த ஒரு மாணவிக்கு யூனிட் டெஸ்ட்டில் கணக்கு மார்க் குறைந்ததாம். மேடையேற நான்கே நாள் இருக்கும்போது அந்தப் பெண்ணை நாடகத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். அவளுடைய நல்லதுக்காம். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். “சரியான முடிவு” என்று வரிசையாகக் கைதட்டியவர்களைப் பார்த்த பிறகு முடியவில்லை.

மார்க் குறைந்ததற்குக் காரணம் நாடகம்தான் என்று யார் கண்டுபிடித்தது? நாடகம் இருக்கும் திசைப்பக்கமே தலைவைத்துப் படுக்காத பிள்ளைகளும் அதே டெஸ்ட்டில் கோட்டை விட்டிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து எதைப் பிடுங்கினீர்கள்?

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு நாடகத்தில் தூதன் வேஷம் போட்டேன். சின்ன வேஷம்தான். ஆனாலும் வசன நோட்டில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் எழுதச் சொல்வார் எங்களை இயக்கியவர்: ‘இதை இவன் ஏன் இப்போது சொல்கிறான்?’ அதை எழுதி முடிப்பதற்குள் வசனம் தானாக மனதில் நின்றுவிடும். அப்புறம் நோட்டை மூடிவிட்டு, நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பேன். வரலாற்றுப் புத்தகத்திலும் அதையே செய்ய ஆரம்பித்தேன். அந்த அரசன் ஏன் அப்போது படையெடுத்தான், அவனுக்கு என்ன வேண்டியிருந்தது என்று ஓரத்தில் பென்சில் குறிப்பு. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தால்தான் பாடம் நாள்பட நிற்கும் என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் சோதித்துக் காட்டியிருப்பதை ரொம்பப் பின்னால்தான் படித்தேன். ஒத்திகையில் நடப்பதே அதுதான்.

அந்த நாடகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. படிக்கிற நேரத்தில் கூத்து எதற்கு என்று கோபம். வரலாற்றில் நல்ல மார்க் வந்தது. டியூஷன் வாத்தியாருக்குத் தேடிப்போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள். மார்க் குறைந்தால் நாடகம் காரணம், ஏறினால் டியூஷன் காரணம். நல்ல கணக்கு!

“எல்லாரும் நடிகராகவா ஆகப் போகிறார்கள்?” என்பீர்கள். கணக்குப் படிக்கிற எல்லாரும் கணித மேதையாகவா ஆகிறார்கள்? விடுங்கள்.

“தூக்கம் கெடுகிறதே” என்று ஒருவர் கேட்டிருந்தார். அது நியாயமான கேள்வி. பதின்வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். கடைசி வாரத்தில் ஒத்திகையை ராத்திரிவரை இழுக்கிற பழக்கம் நாடகக்காரர்களிடம் உண்டு, அது தப்பு. பரீட்சை தேதி முன்கூட்டியே தெரியும், மேடையேறும் தேதியும் தெரியும். இரண்டையும் எதிரில் வைத்துக்கொண்டு ஒத்திகையைப் பிரித்துப் போட வேண்டியது பெரியவர்கள் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் பிள்ளையைத் தூக்கிவிடுவது சுலபம் என்பதால் தூக்கிவிட்டீர்கள். விடியற்காலை ஒரு டியூஷன், ராத்திரி ஒரு டியூஷன் என்று ஓடும்போது இந்தத் தூக்கக் கவலை எங்கே போயிருந்தது?

இன்னொன்று. ஓய்வும் விளையாட்டும் கலையில் பங்கெடுப்பதும் குழந்தையின் உரிமை என்கிறது 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு. உரிமை என்றுதான் அதில் இருக்கிறது. மார்க் வாங்கினால் கொடுக்கும் பரிசு என்று இல்லை. நாம்தான் அதைப் பரிசாக்கி, அப்புறம் பறிமுதல் செய்யும் பொருளாகவும் ஆக்கி வைத்திருக்கிறோம்.

நாள் முழுக்க ‘உட்கார், எழுது, பேசாதே’ என்று கேட்கிற பிள்ளை, எழுந்து நின்று உரக்கப் பேச இருந்த ஒரே இடம் அது. நாலு பேர் அவளை நம்பி எதிரே நிற்கிற இடம். அவள் இல்லாமல் அந்த நாலு பேரும் என்ன செய்வார்கள் என்று யோசித்தீர்களா? அவர்கள் வசனமெல்லாம் அவள் வசனத்தைப் பிடித்துக்கொண்டுதானே நிற்கிறது? அழுதால் “டிராமா போடாதே” என்பீர்கள். அதைத்தான் போட விடவில்லையே!

“நடைமுறைக்கு ஒத்துவராது” என்று எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் வாரத்தில், அவனாகவே விரும்பித் தேர்ந்தெடுத்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு வந்து எழுதுங்கள்.