ஐம்பது பவுண்டு ஸ்டாம்ப்

டிப்ளமோவில், வார்ப்பிரும்பை எஃகாக்கும் பெஸ்ஸெமர் முறைக்குப் பத்து மார்க். கன்வெர்ட்டர் என்ற அந்த உலைக்கலத்தின் படம் போட்டு, அடியிலிருந்து காற்று ஏறுகிற அம்புக்குறி வரைந்தால் பாஸ். மஷெட் என்ற பெயரை எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

1856 ஆகஸ்டில் இங்கிலாந்தின் செல்ட்டனமில் ஹென்றி பெஸ்ஸெமர் தன் கட்டுரையைப் படித்தார். உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதினால் உள்ளே இருக்கும் கார்பனும் சிலிக்கனும் எரியும். அந்தச் சூடே போதும், தனியாக எரிபொருள் வேண்டாம். முதலாளிகள் போட்டி போட்டு லைசென்ஸ் வாங்கினார்கள். அவரவர் பட்டறையில் ஊதிப் பார்த்தால், வந்த இரும்பு அடி தாங்காமல் நொறுங்கியது. பாஸ்பரஸ் அதிகமானால் இரும்பு நொறுங்கும்; பெஸ்ஸெமர் சோதித்த இரும்பில் பாஸ்பரஸ் குறைவு. அது அதிர்ஷ்டம், அவருக்கே தெரியாது!

இன்னொரு கோளாறு, ஊதிய காற்றின் ஆக்சிஜன் உலோகத்திலேயே தங்கிவிடுவது. மாங்கனீஸ் கலந்த இரும்பைக் கடைசியில் போட்டால் அது ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும், தேவையான கார்பனும் திரும்ப வந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் மஷெட். அவர் எஃகில் செய்த தண்டவாளத்தை 1857இல் டெர்பி ஸ்டேஷனில் போட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்டவாளம் மாற்ற வேண்டிய இடம் அது. 1873இலும் அதன்மேல் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் 1859இல் அவருடைய பேட்டன்ட் காலாவதி. கட்ட வேண்டிய ஸ்டாம்ப் கட்டணம் 50 பவுண்டு, பேட்டன்ட்டைப் பொறுப்பில் வைத்திருந்தவர்கள் கட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு உறைப்பது இதுதான்: ஸ்டாம்பால் ஏமாறுவது எப்படி இருக்கும் என்று பெஸ்ஸெமருக்கே நன்றாகத் தெரியும். பத்திரத்தில் இருந்த ஸ்டாம்பைப் பிய்த்து மறுபடி ஒட்டும் மோசடியைத் தடுக்க, இளவயதில் அரசாங்கத்துக்கு வழி சொன்னவர் அவர். தேதியைப் பொறித்தால் போதுமே என்ற யோசனை, அவர் கட்டிக்கொள்ளவிருந்த ஆன் சொன்னது. யோசனை நல்லாவே வேலை செய்தது. அதனாலேயே அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்த உத்தியோகம் தேவையில்லாமல் போனது. காலணா வரவில்லை. 1879இல், அதுவும் அவரே கேட்டெழுதிய பிறகு, சர் பட்டம் கொடுத்தார்கள்.

அப்படிப்பட்டவர் வாசலில் 1866இல் மஷெட்டின் மகள் மேரி வந்து நின்றாள். பதினாறு வயசு, லண்டனுக்குத் தனியாக வந்திருக்கிறாள். அப்பாவின் கண்டுபிடிப்பில்தானே இவ்வளவு சம்பாத்தியம் என்று நேராகவே கேட்டிருக்கிறாள். பெஸ்ஸெமர் வருஷத்துக்கு 300 பவுண்டு தர ஒத்துக்கொண்டு, இருபது வருஷத்துக்கு மேல் தந்தார். சட்டப்படி தான் எதுவும் கடன்படவில்லை என்றே கடைசிவரை சொன்னார்.

கடன் இல்லையாம். அப்புறம் எதற்கு இருபது வருஷம்?