டெலிவரி அண்ணனின் நோட்டும் ரூட் சாஃப்ட்வேரும்

மதுரையில் மெடிக்கல்களுக்குச் சரக்கு கொடுக்கும் ஒரு மருந்து ஸ்டாக்கிஸ்டிடம், அதாவது மொத்த வியாபாரியிடம், பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பில் போடும் பையனாகச் சேர்ந்தேன். இப்போது குடோன், டெலிவரி இரண்டும் என் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ரூட் போட்டுத் தரும் சாஃப்ட்வேர் ஒன்று வாங்கினோம். வாங்கிய முதல் மாதத்திலேயே எங்கள் டெலிவரி அண்ணன் ஒருவர் வேலையை விட்டுப் போகிற நிலைமை வந்துவிட்டது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். சாஃப்ட்வேர் தினமும் காலையில் அவருக்கு இருபது, இருபத்திரண்டு கடைகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும். அவர் அந்த வரிசையில் போக மாட்டார். சாயங்காலம் ரிப்போர்ட்டைத் திறந்தால் அவர் பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்புக் கட்டம். மாதக் கடைசியில் அதைப் பிரிண்ட் எடுத்து அவர் முன்னால் வைத்து விளக்கம் கேட்டோம். "சுத்திப் போற பெட்ரோலுக்கு யாருண்ணே காசு கொடுக்கிறது?" என்று கேட்டது நான்தான். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து, "ஒரு நாள் என்கூட வண்டியில வாங்க தம்பி" என்றார்.

லோடு ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அன்றைக்கு மட்டும் சாஃப்ட்வேர் சொன்ன வரிசையில்தான் போனார். முதல் கடை பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மெடிக்கல். நாங்கள் போனபோது மணி ஒன்பதரை. ஓ.பி. சீட்டை நீட்டிக்கொண்டு கடை வாசலில் ஒரு கூட்டமே நிற்கிறது. பெட்டியைப் பிரித்து, பில்லோடு பேட்ச் நம்பரையும் எக்ஸ்பைரி தேதியையும் ஒத்துப் பார்த்து, கையெழுத்துப் போட அங்கே யாருக்கும் கை ஓயவில்லை. முக்கால் மணி நேரம் நின்றோம். அண்ணன் கோபப்படவில்லை. "இதே கடைக்கு ஒரு மணிக்கு மேல வந்தா ரெண்டு நிமிஷ வேலை தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானத்துக்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு கடை பதினொன்றரைக்குத்தான் திறக்கும். இன்னொன்றில் முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் செக் கிடைக்காது. ஒரு தெருவில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஆட்டோவைத் திருப்ப முடியாது. இவை எல்லாம் அண்ணனின் சட்டைப்பையில் இருந்த நாற்பது பக்க நோட்டில், பென்சிலில் எழுதியிருந்தன. எங்கள் கம்ப்யூட்டரில் ஒன்றுகூட இல்லை. அவர் போன வழிதான் சரியான வழி. அரைகுறை விவரத்தைக் கொடுத்துவிட்டு, வந்த விடையை வைத்துக்கொண்டு அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறோம்.

சாஃப்ட்வேரே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இந்தக் கணக்கின் மேல் பெரிய மரியாதை உண்டு. குடோனிலிருந்து கிளம்பி 10 கடைக்குப் போக வேண்டும் என்றால், போகக்கூடிய வரிசைகள் 36,28,800. அதுவே 15 கடை என்றால் 1.3 லட்சம் கோடிக்கும் மேல். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மனித மூளை இதை முழுதாக அலசாது. கம்ப்யூட்டரும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை; நல்ல விடையை நோக்கி நகர்கிற உத்திகளைத்தான் பயன்படுத்துகிறது.

பெட்ரோல் பங்க்குகளுக்கு லாரி அனுப்புவதை வைத்து டான்ட்சிக், ராம்ஸர் என்ற இருவர் 1959-இல் இதைக் கணக்காக எழுதினார்கள். 1964-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த கிளார்க்கும் ரைட்டும் ஒரு சுலபமான முறை கொடுத்தார்கள். இந்த கிளார்க் ஒரு கூட்டுறவு மொத்த வியாபார நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்தபோது, நம்ம தொழில்காரர் என்று சந்தோஷமாக இருந்தது. அவர்கள் முறையைப் பேப்பரிலேயே போட்டுப் பார்க்கலாம். குடோனிலிருந்து திருப்பரங்குன்றம் கடை 8 கிலோமீட்டர், திருநகர் கடை 9 கிலோமீட்டர், இரண்டுக்கும் நடுவே 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் போய் வந்தால் 34. இரண்டையும் ஒரே நடையில் முடித்தால் 8, 2, 9 ஆக மொத்தம் 19. மிச்சம் 15. இப்படி ஒவ்வொரு ஜோடிக் கடைக்கும் மிச்சத்தைக் கணக்கிட்டு, அதிகம் மிச்சமாகும் ஜோடியிலிருந்து சேர்த்துக்கொண்டே போக வேண்டும், வண்டி கொள்ளும் வரை. அறுபது வருடம் ஆன முறை. இன்றும் பல சாஃப்ட்வேர்கள் இதில்தான் தொடங்குகின்றன, அப்புறம் வரிசையை இங்கே அங்கே மாற்றிப் பார்த்து இன்னும் குறைக்கின்றன.

ஆனால் அந்த 8, 9, 2 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலை நடுவில் வைத்துச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகப் போட்ட ஊர். மேலமாசி வீதிக் கடையும் கீழமாசி வீதிக் கடையும் மேப்பில் நேர்கோடு போட்டால் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் இருப்பது மீனாட்சியம்மன் கோயில். கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டியே போக முடியாது. ஆக, சுற்றித்தான் வர வேண்டும். சிம்மக்கல்லுக்கும் கோரிப்பாளையத்துக்கும் நடுவில் வைகை. எந்தப் பாலத்தில் எந்த நேரத்தில் நகர முடியும் என்பது கிலோமீட்டரில் வராது. சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் பழைய கணக்கு எதுவுமே நிற்காது. மாசி வீதிகளில் தேர் ஓடும் நாளில் அந்த வீதிகள் வண்டிக்கு இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திருப்பங்களும் அப்படித்தான். அமெரிக்காவில் யு.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனம் தன் வண்டிகள் இடப்பக்கம் திரும்புவதை முடிந்தவரை தவிர்க்கிறது. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், இடது பக்கம் திரும்பினால் எதிரே வருகிறவர்களைக் கடக்க வேண்டும். நமக்கு அது வலப்பக்கத் திருப்பம். எங்கள் அண்ணன் இதை எங்கேயும் படித்ததில்லை, ஆனால் அவர் ரூட்டை மேப்பில் வரைந்து பார்த்தபோது வலப்பக்கத் திருப்பங்கள் அபூர்வமாகத்தான் இருந்தன.

2021-இல் அமேசானும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். அமெரிக்காவின் ஐந்து பெருநகரப் பகுதிகளில் ஓட்டுநர்கள் உண்மையில் போன ஆயிரக்கணக்கான ரூட்களைப் பொதுவில் கொடுத்தார்கள். மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசு என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. அனுபவசாலி ஓட்டுநர் போன வரிசைக்கு யாருடைய விடை நெருக்கமாக வருகிறதோ அவருக்குத்தான் பரிசு. வென்றவர்கள் வில்லியம் குக், ஸ்டீபன் ஹெல்ட், கெல்ட் ஹெல்ஸ்கான். மூவரும் குறுகிய வழிக் கணக்கிலேயே பெயர் வாங்கியவர்கள். ஓட்டுநர்கள் ஒரு பகுதியை முடித்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போகிறார்கள், பகுதிகளுக்கு நடுவிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதைப் பழைய ரூட்களிலிருந்து எடுத்து, அதைக் கணக்குக்குள் விதியாக வைத்தார்கள். இதைப் படித்த அன்று நான் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். உலகத்திலேயே பெரிய டெலிவரி நிறுவனங்களில் ஒன்று ஓட்டுநரின் அறிவைப் பரிசு கொடுத்துத் தேடுகிறது. நாங்கள் அதே அறிவைச் சிவப்புக் கட்டமாக அச்சடித்துக் கொடுத்தோம்.

குடோனுக்குள்ளும் இதே கதைதான். சொல்லப்போனால் அங்கேதான் அதிகம். சாலையில் போகிற பெட்ரோல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, பில்லைப் பார்த்துச் சரக்கு எடுக்கிற அக்காமார் ரேக்குகளுக்கு நடுவே நடக்கிற நடை தெரிவதில்லை. குடோன் செலவில் 55 சதவீதம் சரக்கை எடுக்கிற வேலைக்கே போகிறது என்றும், அந்த வேலையில் பாதி நேரம் நடப்பதிலேயே கழிகிறது என்றும் இந்தத் துறைப் பாடப்புத்தகங்களில் ஒரு கணக்கு உண்டு. எங்கள் குடோனில் அதற்குக் குறைவாக இருக்க வாய்ப்பே இல்லை.

எங்களிடம் ரேக்குகள் கம்பெனி வாரியாக இருந்தன. மெடிக்கல்காரர் போனில் சொன்ன வரிசையிலேயே பில் அச்சாகும். ஒரு அக்கா வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பில்லை வாங்கியதும் கிளம்ப மாட்டார். மேலிருந்து கீழே ஒருமுறை படிப்பார். பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 3, 7, 1, 12 என்று நம்பர் போடுவார். பில்லை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அப்புறம்தான் நடப்பார். அவர் போட்ட நம்பர்தான் ரூட். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு ரூட்டை மனதிலேயே போட்டுக்கொண்டிருந்தார், நாளெல்லாம், வருடக்கணக்கில். பில்லை ரேக் வரிசையில் அச்சடித்துக் கொடுத்தால் அந்த வேலையே அவருக்கு மிச்சம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைச் செய்ய எங்கள் பில்லிங் ஆளுக்கு ஒரு மத்தியானம்தான் பிடித்தது.

ஊர் வீதிகளில் கஷ்டமான இந்தக் கணக்கு, இரண்டு முனையிலும் மட்டும் குறுக்கே கடக்க இடமுள்ள நேர் ரேக் வரிசைகளில் சுலபமாகிவிடுகிறது. 1983-இல் ராட்லிஃபும் ரோசன்தாலும் அதற்கு மிகக் குறுகிய வழியையே துல்லியமாகக் கண்டுபிடிக்கும் முறையை எழுதிவிட்டார்கள். நாங்கள் அதைப் போட்டும் பார்த்தோம். ஒரு பில்லுக்கு இந்தச் சந்தில் பாதி போய்த் திரும்பு, அடுத்ததில் முழுசாகப் போ, அதற்கடுத்ததை விடு என்று வரும். அடுத்த பில்லுக்கு வேறு மாதிரி. அக்காமாருக்குக் குழப்பம், தப்பு சரக்கு எடுப்பது கூடியது. கடைசியில் பாம்பு நடைக்கே வந்துவிட்டோம்: ஒரு சந்தில் நுழைந்து மறுமுனையில் வெளியேறி, அடுத்ததில் திரும்பி வருவது. கொஞ்சம் நடை கூடுதல்தான். தலை சும்மா இருக்கிறது, கவனம் மருந்துப் பெயரில் இருக்கிறது. மருந்துக் குடோனில் எனக்கு அதுதான் முக்கியம்.

அவசரத்தில் ஒரு தவறும் செய்தேன். அதிகம் போகிற சரக்கை எல்லாம் பேக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் கொண்டுவந்தேன். நடை குறைந்தது. ஆனால் ஒரே மருந்தின் 250 மில்லிகிராமும் 500 மில்லிகிராமும் ஒரே நிற அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. இரண்டாவது வாரம் ஒரு கடையிலிருந்து மாறி வந்த சரக்கு திரும்பியது. கடைக்காரர் கவனித்ததால் நோயாளி கைக்குப் போகவில்லை. அன்றிலிருந்து ஒரே மாதிரி தெரிகிற அட்டைகளுக்கு நடுவில் வேறு சரக்கு ஒன்று கட்டாயம் இருக்கும், நான்கு அடி கூடுதலாக நடக்க வேண்டியிருந்தாலும்.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதனால் ஃபிரிட்ஜ் சரக்கைக் கடைசியில் எடுத்து, சாலையில் முதலில் இறக்க வேண்டும். மற்றதெல்லாம் கடைசிக் கடைப் பெட்டி உள்ளே, முதல் கடைப் பெட்டி வெளியே. ஆக, குடோனில் எடுக்கும் வரிசை என்பது சாலை ரூட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுதான். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு சாஃப்ட்வேரில் பார்த்தால், காலையில் ஆட்டோ பக்கத்தில் பெட்டிகளை இறக்கி ஏற்றியே அரை மணி நேரம் போய்விடும். எங்களுக்குப் போனது.

காசு கொடுத்து வாங்க முடியாத சின்ன ஸ்டாக்கிஸ்டுகள் கவலைப்பட வேண்டாம். ரூட் கணக்குப் போட உதவும் கூகுளின் ஓ.ஆர்.-டூல்ஸ் சாஃப்ட்வேர் இலவசம். கடை திறக்கும் நேரம், வண்டியின் கொள்ளளவு எல்லாம் அதில் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் படித்த பையன் ஒருவன் கூட இருந்தால் போதும்.

அப்புறம் மிச்சமான நேரம். இந்த மாற்றங்களால் எங்களுக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் மிச்சமானது. முதலாளி உடனே எட்டு கடைகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். நான் நான்குக்குத்தான் ஒத்துக்கொண்டேன், இன்றும் அதில் உறுதியாக இருக்கிறேன். அந்த நேரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் அண்ணனும் அக்காமாரும். மே மாத வெயிலில் மத்தியானம் அரை மணி நேரம் நிழலில் உட்கார அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அவர்கள் சொன்னதை வைத்தே அவர்கள் முதுகில் பாரம் ஏற்றினால், அடுத்த தடவை யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனும் நானும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறோம். போன வாரம் ஒரு பக்கத்தில், ஒரு கடைப் பெயருக்கு நேரே 'அம்மா தனி' என்று மட்டும் எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன். வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்தம்மா ஒருத்தரே கடையைப் பார்க்கிறாராம். குளுக்கோஸ் பாட்டில் பெட்டியைத் தூக்க முடியாது, அண்ணன்தான் உள்ளே கொண்டுபோய் மேல் தட்டில் ஏற்றிவைத்துவிட்டு வருகிறார். சாஃப்ட்வேரில் எல்லாக் கடைக்கும் நிற்கும் நேரம் 5 நிமிடம் என்று இருந்தது. அந்தக் கடைக்கு மட்டும் 15 என்று மாற்றினேன்.