மழையை மட்டும் பார்த்தால் போதாது, கடலையும் பார்க்க வேண்டும்

2017 நவம்பர் 4, பௌர்ணமி. அன்றும் மறுநாளும் கொட்டிய புயல்மழையில் மலேசியாவின் பினாங்கு மூழ்கியது. 7 பேர் இறந்தார்கள். 2021 டிசம்பர் 19, அதுவும் பௌர்ணமி. அந்த வாரக் கடைசியில்தான் ஷா ஆலமில் உள்ள தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பில் நம் மக்கள் பலர் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு முறையும் மழை மிக அதிகம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பௌர்ணமியால் கடலும் ஏறி நின்ற நாட்கள் அவை. நாம் வானத்தைத் திட்டுகிறோம், வடிகாலைத் திட்டுகிறோம், கடலைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பினாங்கின் ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்திலிருந்து வரும் தண்ணீர் எல்லாம் சுங்கை பினாங்கு ஆற்றின் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஆற்றைவிட உயர்ந்து நின்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? அடிக்கடி வெள்ளம் ஏறும் ஜாலான் பி. ராம்லி சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடல்நீர் உள்ளே வராமல் இருக்க மதகை மூடினால் மழைநீரும் உள்ளேயே நிற்கும், அப்புறம் பம்ப் வைத்து இறைப்பது ஒன்றுதான் வழி.

மலேசியக் கடற்படையின் நீரளவியல் மையம் கடல் ஏற்ற அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அது சூரியனையும் சந்திரனையும் வைத்துப் போட்ட கணக்கு. புயல் நேரத்தில் உண்மையான கடல் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி அடிக்கும் காற்று இன்னும் தண்ணீரைக் கொண்டுவந்து குவிக்கும். இது எந்த அட்டவணையிலும் இருக்காது. ஆற்று முகத்துவாரத்தில் நீர்மட்டக் கருவி, கடலில் அலை, காற்று, வெப்பம், அழுத்தம் எல்லாம் அளக்கும் மிதவை, கரையிலிருந்து நீரோட்டத்தைப் பார்க்கும் ரேடார் இவை இருந்தால்தான் தெரியும். கணினி முன்கணிப்பும் இப்போதைய கடல் நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. தொடக்கமே தப்பென்றால் முடிவும் தப்புதான்.

சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலில் மிதவைகளை நிறுத்திப் பல வருடங்களாகத் தரவு எடுக்கிறது. வலை மாட்டும், சிப்பி ஒட்டும், கருவி பழுதாகும். ஆகவே வாங்கும் செலவைவிடப் பராமரிப்புதான் பெரிய காரியம். ரிப்பன் வெட்டும் நாளுக்கு மட்டும் பட்ஜெட் ஒதுக்கினால் மூன்றாம் வருடம் அந்த மிதவை வெறும் பொம்மை.

புயல் நம் பக்கம் வராது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு: 2001 டிசம்பர் 27 அன்று வாமேய் புயல் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே உருவாகி ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பரில் சென்யார் புயல் மலாக்கா நீரிணையிலேயே உருவானது. வெதுவெதுப்பான கடல்தான் புயலுக்குத் தீனி, நம் நீரிணையிலோ அதற்குக் குறைவே இல்லை. சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வந்து தாக்கும் காற்றுமழை இருக்கிறதே, அதுவும் இந்தக் கடலைத் தாண்டித்தான் வருகிறது. நடுவில் அளக்கக் கூடுதல் கருவி இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவாவது தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில் படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டியை மேல்மாடிக்குத் தூக்கிவிடலாம்.

இப்போது வானிலைத் துறை மழை எச்சரிக்கை தருகிறது, நீர்ப்பாசன வடிகால் துறை தன் இணையதளத்தில் ஆற்று மட்டம் காட்டுகிறது, கடல் ஏற்றம் வேறொரு அட்டவணையில் கிடக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வேலையைத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஓர் அத்தையிடம் விட்டிருக்கிறோம். எனக்கு வேண்டியது ஒரே செய்தி, தமிழிலும்: "இன்றிரவு 1 மணிக்குக் கடல் ஏற்றம், ஆற்றுநீர் வடியாது, காரை மேட்டுக்குக் கொண்டு போங்கள்." அடுத்த முறை உங்கள் ஒய்பி (தொகுதி உறுப்பினர்) கோவில் விழாவுக்கு வரும்போது சால்வை போடுவதோடு நிறுத்தாமல், நம் ஆற்று முகத்துவாரத்தில் கடல்மட்டத்தை அளப்பது யார், அந்த அளவு எங்கள் போனுக்கு எப்போது வரும் என்று கேளுங்கள்.