சைலன்சர் மாட்டச் சொல்றவங்களே, போதும் நிறுத்துங்க

இன்னிக்கும் ஒரு வீடியோ வந்துடுச்சு. ஆப்பிரிக்காவுல ஒருத்தர் ரைஃபிள் முனையில சைலன்சரை, அதான் வெடிச் சத்தத்தைக் குறைக்கற உருளையை, திருகி எருமையைச் சுடறார். அனுப்பினது சேலத்துல இருக்கற நம்ம சொந்தக்காரர்தான். கூடவே யோசனை வேற: "மாப்ள, இது மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சுக்கோ. காட்டு மாட்டுத் தொல்லையும் தீரும், ஊருக்குச் சத்தமும் கேக்காது."

ஏங்க, ஏற்காட்டு மலையில நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டம் வெச்சிருக்கற எங்களுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. டீக்கடைக்குப் போனாலும் இதே பேச்சு, கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தாலும் இதே பேச்சு.

முதல்ல, சத்தம் கேக்காதுன்னு யார் சொன்னது? பெரிய விலங்குக்கு எடுக்கற .375 மேக்னம் ரைஃபிள் (.375ங்கறது குண்டோட விட்டம், அங்குலத்துல) வெடிச்சா 160 டெசிபலைத் தாண்டும். நல்ல சைலன்சர் அதுல 20, 30 டெசிபல் குறைக்கும், அவ்வளவுதான். அப்புறம் குண்டு நொடிக்கு 750 மீட்டருக்கு மேல பாயுது, ஒலியோட வேகமோ 340 சொச்சம். ஒலியை முந்திக்கிட்டுப் போற குண்டு காத்தைக் கிழிக்கற அந்தப் படீர் சத்தத்தை முனையில எதை மாட்டினாலும் அடக்க முடியாது. நார்வேயிலயும் நியூசிலாந்துலயும் வேட்டைக்காரங்க இதை மாட்டறது காதைக் காப்பாத்திக்க, தோள்ல வாங்கற உதையைக் குறைக்க. திருட்டுத்தனமாச் சுட இல்ல.

துப்பாக்கிக் குழல் விஷயம் இன்னும் மோசம். 24 அங்குலக் குழல்மேல 7, 8 அங்குலம் சைலன்சர் ஏறினா புதருக்குள்ள துப்பாக்கியைத் திருப்பவே முடியாது. அதனால அங்கெல்லாம் 18, 20 அங்குலக் குழலாப் பாத்து எடுக்கறாங்க. நீளம் குறையக் குறைய குண்டோட வேகமும் குறையும், அதையும் கணக்குல வெக்கணும். குழல் முனை ஒல்லியா இருந்தா, சைலன்சரைத் திருக மரை வெட்டின பிறகு தாங்காது. மரை ஒரு மயிரிழை கோணினாலும் குண்டு சைலன்சருக்குள்ள இருக்கற தகட்டுல இடிச்சு எல்லாம் பிய்ச்சுக்கிட்டுப் போகும். அதைவிடச் சின்ன .30 குண்டுக்குச் செஞ்ச சைலன்சரை .375ல மாட்டினாலும் அதே கதிதான். இவ்வளவும் பாத்துப் பாத்துச் செய்யற வேலையை, "லேத் பட்டறையில கொடுத்தா ஒரு மணி நேரத்துல கடைஞ்சு தருவான்"னு ஒருத்தன் கூசாமச் சொல்றான்! எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில இருந்த டீ கிளாஸை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

சட்டம்னு ஒண்ணு இருக்குதுங்க. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், சத்தத்தைக் குறைக்கற அந்த உதிரியையே துப்பாக்கி வரையறைக்குள்ளதான் வெச்சிருக்கு. உரிமம் இல்லாமக் குழலை வெட்டிக் குட்டையாக்கினா அதுவும் குத்தம். காட்டு மாடு வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. சுட்டா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில். காட்டுப் பன்றியையே வனத்துறைதான் சுடலாம், அதுவும் காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தள்ளி. ஜெயிலுக்குப் போறது யாரு, வீடியோ அனுப்பினவரா?

உங்க வாய்ச்சவடாலுக்கு அடி வாங்கறது நாங்கதான். உரிமத்தோட பழைய துப்பாக்கி வெச்சிருக்கற பெரியவங்க தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கறாங்க, முடிஞ்சதும் போய் வரிசையில நின்னு வாங்கிட்டு வர்றாங்க. ஒழுங்கா நடக்கற இவங்களையும் "மலைக்காரன் எல்லாம் வேட்டைக்காரன்"னு சந்தேகமாப் பாக்க வெக்கறது இந்த மாதிரிப் பேச்சுதான்.

நஷ்டம் இல்லைன்னு சொல்லல. மழை பெஞ்சு காபி பூத்திருந்த வாரத்துல காட்டு மாடு இறங்குச்சு. சில்வர் ஓக் மரத்துல உடம்பைத் தேச்சு, அஞ்சு வருஷத்து மிளகுக்கொடியைத் தரையோட உருவிப் போட்டுட்டுப் போயிருக்கு. வேர் முடிச்சுல ஒட்டியிருந்த செம்மண் இன்னும் ஈரமா இருந்துச்சு. வெள்ளைப் பூவோட காபிக் கிளை கணுவுல முறிஞ்சு தொங்குது. வயித்தெரிச்சல் இல்லாம இருக்குமா?

ஆனா நாங்க கேக்கறது துப்பாக்கி இல்ல. உடைஞ்ச வேலிக்கு வழி, நஷ்டஈடு மனுவுக்கு நேரத்துல பதில், ராத்திரி போன் பண்ணினா வந்து மாட்டை விரட்ட ஆள். மாசாமாசம் கலெக்டர் ஆபீஸ்ல விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்குது. அக்கறை உள்ளவங்க அடுத்த கூட்டத்துக்கு எங்களோட வாங்க. வர முடியலன்னா அந்த வீடியோவை மட்டுமாவது அனுப்பாதீங்க.