ஒருவர் லீவில் போனால் என்ன ஆகிறது?

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், அறிவு மேலாண்மை, அதாவது ஒருவருக்குத் தெரிந்த வேலை நுணுக்கம் மற்றவர்களுக்கும் கிடைக்கும்படி வைத்திருப்பது, எப்படி இருக்கிறது என்று மதிப்பெண் போட ஒரு குழு வந்தது. எத்தனை டாக்குமெண்ட் ஏறியிருக்கிறது, எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள், ஃபோல்டர்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். நல்ல மார்க் கிடைத்தது.

மூன்றே மாதத்தில் எங்கள் பிரிவின் மூத்த அக்கா ஒருவர் ஓய்வு பெற்றார். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது ஒரு தொகையை மட்டும் கையால் திருத்துவோம். செய்முறைக் குறிப்பில் 'திருத்தவும்' என்று இருந்தது. ஏன் திருத்த வேண்டும், எப்போது திருத்தக் கூடாது என்று ஒரு வரி இல்லை. ஒன்பது நாள் முட்டி மோதிவிட்டு அவருக்கே போன் போட்டோம். நான்கு நிமிடத்தில் விளக்கிவிட்டு, "நான் இருந்தப்போ இதை யாரும் கேட்கவே இல்லையேப்பா" என்றார். அந்தக் குரலில் இருந்த வருத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

அமெரிக்க அணு ஆயுதத் துறைக்கே இது நடந்திருக்கிறது. 'ஃபாக்பேங்க்' என்றொரு பொருளை 1980களில் தயாரித்தார்கள். பிறகு பழைய ஆயுதங்களைப் புதுப்பிக்க அது மறுபடி தேவைப்பட்டபோது செய்யத் தெரியவில்லை. பதிவுகள் குறைவு, தெரிந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஓய்வு பெற்றோ வேலையை விட்டோ போய்விட்டார்கள் என்று 2009-ல் அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே எழுதியது. பழைய முறையில் மூலப்பொருளோடு வந்த ஒரு மாசுதான் அந்தப் பொருள் சரியாக அமையக் காரணம் என்று பின்னால்தான் தெரிந்தது. புது முறையில் அதைச் சுத்தம் செய்து நீக்கியிருந்தார்கள். முதலில் தயாரித்தவர்களுக்கே அந்த மாசின் பங்கு தெரியாது! எழுதி வைத்தால் போதும் என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

தரநிலைகளைக் குறை சொல்ல மாட்டேன். தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001-ன் 2015 பதிப்பில் 7.1.6 என்ற பிரிவே நிறுவன அறிவைப் பற்றியதுதான். 2018-ல் இதற்கென்றே ஐஎஸ்ஓ 30401 வந்தது. ஆனால் ஆடிட் நாளில் எண்ண முடிந்ததை மட்டும் எண்ணிவிட்டுப் போய்விடுகிறோம்.

ஓர் அலுவலகத்தின் அறிவு மேலாண்மையை மதிப்பிடும்படி என்னிடம் சொன்னால், கடைசியாகச் சேர்ந்தவரிடம் முதலில் போவேன். நேற்று உங்களுக்கு வந்த சந்தேகத்தை யாரிடம் கேட்டீர்கள், பதில் வர எவ்வளவு நேரம் ஆனது, அது சரியான பதில்தானா? எல்லோரும் ஒரே ஆளின் பெயரைச் சொன்னால் அங்கேயே ஆபத்து தெரிந்துவிடும். பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த ஏதாவது ஒரு முடிவைக் காட்டி, ஏன் இப்படிச் செய்தீர்கள், வேறு எதை யோசித்துக் கைவிட்டீர்கள் என்று கேட்பேன். காலாவதியான குறிப்புகளை யார் நீக்குகிறார்கள் என்றும் பார்ப்பேன். தவறான குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட மோசம்.

தெரிந்ததைச் சொல்லித் தராதவர்களைச் சுயநலக்காரர்கள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சொல்லிக் கொடுத்துவிட்டால் நம் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் 'இந்த ஆண்டு யாருக்கு என்ன கற்றுக் கொடுத்தீர்கள்' என்ற கேள்வி உண்டா? அதற்குச் சம்பள உயர்வில் ஏதாவது எடை உண்டா? நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் அந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை. உங்கள் அலுவலகத்தில் இருந்தால், எப்படிக் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். எங்கள் படிவத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.