சொல் கேட்காத விசுவாசம்

'பிள்ளை சொல் கேட்கிறதில்லை' என்றால், பிள்ளைக்குக் காது கேளாது என்றா விளங்கிக்கொள்கிறோம்? எபிரேயத்திலும் இப்படித்தான். 'இஸ்ரவேலே, கேள்' (உபாகமம் 6:4) என்ற இடத்தில் வரும் 'ஷமா' கேட்பதையும் குறிக்கும், கீழ்ப்படிவதையும் குறிக்கும். யோவான் 3:36ஐப் பழைய மொழிபெயர்ப்பில் 'குமாரனை விசுவாசியாதவனோ' என்று வாசிக்கிறோம். கிரேக்கத்தில் அங்கே நிற்பது 'அபெய்தோன்', பணிய மறுக்கிறவன். விசுவாசத்துக்கு எதிராக யோவான் நிறுத்துவது கீழ்ப்படியாமையை.

அதற்காகக் கீழ்ப்படிதலை இரட்சிப்பின் விலையாக்கிவிடாதீர்கள். வரி வசூலிப்பவனான சகேயுவின் கதையில் (லூக்கா 19) எது முதலில் வருகிறது என்று பாருங்கள். 'உன் வீட்டிலே தங்கவேண்டும்' என்று இயேசு சொன்ன பிறகுதான், பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை என்கிறான் சகேயு. வஞ்சித்து எடுத்ததைத் தானாகத் திருப்பிக் கொடுப்பவனிடம் லேவியராகமம் 6:5 கேட்பது முதலும் ஐந்திலொரு பங்கும்தான்; சகேயு அதற்கு மேலேயே போகிறான்.

எனக்குப் பெரிய பயம் அரைகுறைக் கீழ்ப்படிதலைப் பற்றித்தான். 1 சாமுவேல் 15இல் அமலேக்கியருடைய எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிக் கட்டளை; சவுல் ராஜாவோ நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்டு, 'கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்' என்கிறான். அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்கிறார் சாமுவேல். பலியிடத்தானாம்! ஆராதனையின் பெயரிலேயே கட்டளையை மீறியிருக்கிறான்.

இனிக் கொழும்புப் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு வாருங்கள். கடையிலிருந்து தசமபாகம் சதம் பிசகாமல் சபைக்குப் போகிறது. அதே கடையில், மலையகத்திலிருந்து வந்து மூட்டை இறக்கும் பொடியனுக்கு ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதி இல்லை. சட்டப்படி முதலாளி போடவேண்டியது சம்பளத்தின் 12 வீதம், அவன் சம்பளத்தில் பிடிப்பது 8 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியின் 3 வீதம். அந்த 8ஐப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் முதலாளிகளும் உண்டு. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்வது இதைத்தான். ஞாயிறு காலை கையுயர்த்திப் பாடும்போது பின்னால் ஆடு கத்திக்கொண்டிருக்கிறது.

இதை வாசித்துவிட்டு, ஏற்கெனவே மனம் நொந்திருப்பவர்கள் 'எனக்கு விசுவாசமே இல்லையோ' என்று கலங்கவேண்டாம். நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்றும் அதே யோவான்தான் எழுதினார். பேதுரு மூன்று தரம் மறுதலித்தார், மனங்கசந்து அழுதார், திரும்பி வந்தார். பிழையைக் காட்டியதும் ஆள் திரும்புகிறாரா, நியாயம் பேசுகிறாரா? அங்கேதான் விசுவாசம் தெரியும்.

கடை வைத்திருக்கிற சகோதரரே, சம்பளப் பட்டியலை எடுத்துக் கட்டாத மாதங்களை எண்ணுங்கள். தொழில் அலுவலகத்துக்குப் போய், மேலதிகக் கட்டணத்தோடு கட்டுங்கள். பொடியன் வேலையை விட்டு ஊருக்குப் போயிருந்தாலும் அது அவனுடைய காசு.